முன்வாசல் இல்லாத வீடுகள்

முதல் எட்டு அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு வர வேண்டும் என்பது ராதாகிருஷ்ணன் சாரின் நிபந்தனை. ஒன்பதாவதைத் தொடக் கூடாது.

"கதை எங்க போய் முடியுதுன்னு தெரிஞ்சுட்டா, முதல்ல என்ன தோணுச்சுங்கிறது மறந்துடும்," என்றார். "மனுஷங்க எப்படிப்பட்டவங்க, இடம் எப்படி இருக்கு, உங்களுக்கு என்ன படுது. ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க. போதும்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பகுதிநேர இலக்கிய வகுப்பு அது. மொத்தம் பதினொரு பேர். எல்லார் கையிலும் 'ஐந்தாம் லயத்துக்காரர்கள்' நாவலின் புதிய பதிப்பு இருந்தது. ஐம்பது வருடங்களுக்கு முன்பு தம்புசாமி என்பவர் எழுதியது. கேரித் தீவில் ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஐந்து லயங்கள், ஓர் ஆறு, தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் சபாபதி என்ற இளம் கிராணி. அவன் வாயாலேயே கதை நடக்கும். தம்புசாமி வேறெதுவும் எழுதவில்லை. அந்த ஒன்றே போதும் என்பார் ராதாகிருஷ்ணன் சார். முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததும் அதைத்தான்.

புனிதா கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் அந்த வகுப்புக்கு வருவாள். முப்பத்து மூன்று வயது. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, ஓட்டியவர் சொல்வதும் பக்கத்தில் நின்றவர் சொல்வதும் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவள் வேலை. பத்து வருடங்களாக அதைத்தான் செய்கிறாள். தமிழ் இலக்கியம் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம், "வாரம் முழுக்கப் பொய்யத்தான் படிக்கிறேன். சனிக்கிழமையாவது வேற ஏதாவது படிக்கிறேனே," என்பாள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்து நாவலைத் திறந்தாள். முதல் இரண்டு அத்தியாயங்கள் அவளை அப்படியே இழுத்துக்கொண்டன. ஈர விறகின் புகை, லோங்காங் சாக்கடையில் ஓடும் அரிசி கழுவிய தண்ணீர், சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து சண்டை போடும் பெண்கள். பெரிய கிராணியின் மனைவி தங்கமணிக்குக் குதிகால் வெடிப்பு. அவள் நடந்தால் சத்தத்திலேயே தெரியும். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் மாரியாயி, புருஷனைத் திட்டிக்கொண்டேதான் அடுப்பு பற்றவைப்பாள். இந்த மனிதர்களை எழுத்தாளர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார் என்று புனிதாவுக்குத் தோன்றியது. அதில் சந்தேகமே வரவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் பென்சிலை எடுத்தாள். இடம் மனத்தில் பதியட்டும் என்று, விபத்து நடந்த சந்தியை வரைவதுபோலத் தோட்டத்தை ஒரு தாளில் வரைந்தாள். ஆறு, லயங்கள், ஆபீஸ், பெரிய கிராணி வீடு, கடை. வீடுகளுக்குக் கதவு போட வந்தபோது கை நின்றது. எந்த வீட்டுக்கும் முன்வாசல் எங்கே இருக்கிறது என்று நாவலில் இல்லை.

திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். எட்டு அத்தியாயங்களில் சபாபதி இருபத்து மூன்று முறை ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொரு முறையும் பின்பக்கம். அடுப்பெரியும் குசினியின் ஜன்னல், துணி துவைக்கும் கல், பின்படி, கோழிக்கூண்டு. ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு ஆபீஸ் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. "மேசைகள் இருந்தன, காற்றாடி சுற்றியது" என்று ஒரே வரி. ஆனால் ஆபீஸின் பின்சுவரில் பாசி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, எந்தக் கண்ணாடிச் சட்டம் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் முக்கால் பக்கத்துக்கு வருகிறது.

அடுத்தது பெரட்டு. விடிவதற்கு முன்னால் ஆட்களைத் திடலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெயர் கூப்பிடுவதே கிராணிதான். சபாபதியோ பெரட்டைக் காதால் மட்டுமே கேட்கிறான். லயத்துக்குப் பின்னால் எங்கேயோ நின்றுகொண்டு, தூரத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்பதாகச் சொல்கிறான்.

வேலையில் புனிதா முதலில் கண்டுபிடிக்க முயல்வது ஒன்றே ஒன்றுதான். சாட்சி எங்கே நின்றான்? லோரியின் இடது கண்ணாடி உடைந்ததைச் சொல்கிறவன், வலது பக்கம் நின்றதாகச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள். 'தோட்ட அலுவலகத்தில் எட்டாண்டுகள் கிராணியாகப் பணியாற்றியவர் தம்புசாமி' என்று போட்டிருந்தது.

"என்ன கேஸ்?" என்று கேட்டான் ஜீவன். அவள் கணவன். ஏர்கோன் பழுது பார்க்கிறவன். அவள் வரைந்திருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

"கேஸ் இல்ல. நாவல்."

"நாவலுக்கு எதுக்கு பிளான்?"

"இந்த ஆளு கிராணியா இருந்தேன்னு சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல."

ஜீவன் சிரித்தான். "தோட்டத்துல இருந்து வந்த எல்லார் வீட்டுலயும் தாத்தா கங்காணி, இல்லன்னா கிராணி. அப்ப மரம் வெட்டுனது யாரு லா?"

"இது வேற. அடுப்படி பூராவும் தெரியுது, ஆபீஸ் தெரியல. யாரோ ஒரு பொம்பள எழுதுனத வாங்கித் தன் பேருல போட்டுக்கிட்டாரு. எனக்கு அப்படித்தான் படுது."

"உனக்கு யாரு மேலதான் நம்பிக்கை? போன வாரம் நான் லேட்டா வந்ததுக்கு, எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு வண்டி மீட்டரைப் பார்த்தவதானே நீ," என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீர் குடிக்கப் போனான். அது பொய்யில்லை. அவள் பார்த்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவள் தன் இரண்டு பக்கத்தை வாசித்தாள். கடைசி வரி: 'இந்த இடத்தை இந்த எழுத்தாளர் தன் கண்ணால் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, பார்த்தவர் வேறு யாரோ ஒரு பெண்.' 

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷார்மைன், "கதைதானே க்கா. அப்படியே இருக்கணும்னு இல்லையே," என்று மெதுவாகச் சொன்னாள்.

ராதாகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உத்தி. அதிகாரத்தோட முகத்தைக் காட்டாம முதுகைக் காட்டுறாரு. என் ஆய்வுல இதைப் பத்தியே நாப்பது பக்கம் இருக்கு."

"பெரட்டும் உத்தியா சார்?"

"பெரட்டும் உத்திதான்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது. "அடுத்தவங்க எப்படிச் செய்யுறாங்கன்னு பார்த்துட்டு, நீங்க இதைத் திரும்ப எழுதிட்டு வாங்க. ரெண்டு வாரம் தரேன்."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகு அவளை நிறுத்தினார்.

"உங்களை யாரு அனுப்புனா?"

அவளுக்குப் புரியவில்லை. "யாரும் அனுப்பல சார்."

"முதல் எட்டு அத்தியாயம் படிச்ச மாணவிக்கு இவ்வளவு தோணாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. தம்புசாமிக்கு எதிரா பேசுறவங்க அப்பவே இருந்தாங்க." சற்று நின்று சொன்னார். "செத்தவர் மேல திருட்டுப் பழி போடுறது ரொம்பச் சுலபம் புனிதா. அவர் வந்து பதில் சொல்ல மாட்டாரு."

ரயிலில் கிள்ளான் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளை அறுத்தது. பழி போடுகிறவள் இல்லை அவள். கையில் ஆதாரம் இல்லாமல் ஒரு அறிக்கைகூட எழுதியதில்லை. புத்தகத்தை எடுத்து உரிமை பற்றிய பக்கத்தைப் பார்த்தாள். 'பதிப்புரிமை: த. புஷ்பவல்லி' என்றிருந்தது. கீழே கிள்ளானில் ஒரு முகவரி. அவள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் எட்டு அத்தியாயங்களையும் படித்தாள். இந்த முறை வீடுகளை விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் பார்த்தாள். அப்போது வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, இந்த நாவலில் யாருக்கும் முகம் சரியாக இல்லை. குரல் இருக்கிறது, பிடரி இருக்கிறது, குதிகால் இருக்கிறது. சபாபதி வரும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் திரும்பிக்கொள்கிறார்கள், முந்தானையை வாய்க்கு எடுக்கிறார்கள். இரண்டாவது, ஐந்து இடங்களில் சபாபதிக்கு யாராவது தேத்தண்ணியோ பலகாரமோ தருகிறார்கள். ஐந்து இடத்திலும் 'படியில் வைத்தாள்' என்றே இருக்கிறது. ஒருவர்கூடக் கையில் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எண் போட்டு எழுதினாள். அது எதைக் காட்டுகிறது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதியது பெண் என்ற எண்ணத்தை மட்டும் விடவில்லை.

புதன்கிழமை காப்பாரில் ஒரு வேனைப் பார்த்து முடித்துவிட்டு நேரே அந்த முகவரிக்குப் போனாள். மதியம் மூன்று மணி வெயில். வரிசை வீடு. கிரில் கதவில் இரண்டு பூட்டு. வெளியே வந்த பெண்ணுக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். புனிதாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"இன்சூரன்ஸ் எல்லாம் வேணாம்."

"அதுக்கு வரல ஆன்டி. நான் படிக்கிறேன். உங்க அப்பா நாவல் எங்களுக்குப் பாடமா இருக்கு."

"இந்த வயசுலயா படிக்கிறீங்க?"

"சனிக்கிழமை மட்டும்."

புஷ்பவல்லி கிரிலைத் திறக்கவில்லை. "என்ன வேணும்?"

சுற்றி வளைத்துக் கேட்பது புனிதாவுக்கு வராது. "அந்த நாவலை உங்க அம்மா எழுதுனாங்களா?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்கால் சிரித்தார். "எங்கம்மாவுக்குக் கையெழுத்தே வராது. கட்டைவிரல்தான்."

"அத்தை, பெரியம்மா, வேற யாராச்சும்?"

"எங்கப்பாதான் எழுதுனாரு. குசினி மேசையில உக்காந்து, பள்ளிக்கூடக் கொப்பியில. ஒன்பது கொப்பி. பென்சில் சீவிக் குடுத்தது நானு. போதுமா?"

போதும் என்றுதான் புனிதாவுக்கும் பட்டது. இந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. ராதாகிருஷ்ணன் சார் சொன்னது சரி. வெயிலில் நின்றபடி அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "மன்னிச்சிடுங்க ஆன்டி. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். அவர் கிராணின்னு போட்டிருக்கு. ஆனா இதெல்லாம் கொஞ்சமும் ஒட்டல, அதான்," என்று சொல்லிக் கையிலிருந்த தாளைக் காட்டினாள்.

"என்ன அது? படிங்க."

புனிதா ஒவ்வொன்றாகப் படித்தாள். முன்வாசல். ஆபீஸ் பின்சுவர். பெரட்டு. புஷ்பவல்லி கிரிலைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி 'ம்' கொட்டிக்கொண்டு கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்ற இடத்தில் அவர் பிடி இறுகியது. 'படியில் வைத்தாள், ஐந்து இடம்' என்று படித்தபோது அந்த 'ம்' வரவில்லை.

பத்து வருட வேலையில் புனிதா கற்றது, ஒருவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்று கவனிக்க. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் ஒரே நொடியில் வந்து சேர்ந்தது. விடிவதற்கு முன்னால், தினமும், எல்லா வீட்டுக்கும் பின்னால் போகிறவன். அவன் வந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்தித் திரும்பிக்கொள்வார்கள். கையில் எதையும் கொடுக்க மாட்டார்கள். அவன் அங்கே இருப்பதையே மறந்து, அவன் காதுபடக் குடும்பச் சண்டை போடுவார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் வாளிக் கக்கூஸ், விடியுமுன் அந்த வாளியை எடுத்துப் போக ஓர் ஆள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது.

"இதை யார்கிட்ட காட்டுனே?" மரியாதை விட்டுப்போயிருந்தது.

"கடைசி ரெண்டும் யாரும் பார்க்கல."

"அந்தத் தாளைக் குடு."

கிரில் கம்பி வழியாகக் கொடுத்தாள். புஷ்பவல்லி அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போய்விடுவார் என்றுதான் புனிதா நினைத்தாள். அவர் சாவியை எடுத்து இரண்டு பூட்டையும் திறந்தார்.

"உள்ள வா. ரோட்டுல நின்னு பேசாத. போனை மேசை மேல வை. பேச்சைப் பதிவு பண்ணுதான்னு நான் பார்க்கணும்."

புனிதா போனைத் திறந்து காட்டிவிட்டு மேசைமேல் வைத்தாள். புஷ்பவல்லி அதைத் தூக்கிப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகே உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது எங்க தாத்தா செத்துட்டாரு. அவரு செஞ்ச வேலைய எங்கப்பா தலையில கட்டிட்டாங்க. ஆறாம் வகுப்பு வரைக்கும் நல்லாப் படிச்சவரு. எட்டு வருஷம் வாளி தூக்குனாரு. தோட்டி வரான், தோட்டி வரான்னுதான் சொல்லுவாங்களாம். பேரு சொல்லி யாரும் கூப்புட்டது கிடையாது. அப்புறம் எங்கம்மாவையும் என்னையும் கூட்டிக்கிட்டுக் கிள்ளானுக்கு வந்து, துறைமுகத்துல ஸ்டோர் வாட்ச்மேன். அப்ப எழுதுனதுதான் இது."

"கிராணின்னு அவரே சொன்னாரா?"

"தோட்டத்துல என்ன வேலைன்னு அச்சுக்கூடத்துல கேட்டிருக்காங்க. 'ஆபீஸ் பக்கம்தான்'னு சொல்லியிருக்காரு. பொய்யில்லையே. ஆபீஸ் கக்கூஸும் அவருதானே கழுவுனாரு. அவங்களா கிராணின்னு போட்டுட்டாங்க. புத்தகத்தைப் பார்த்ததும் மறுநாளே பஸ் ஏறிப் போனாரு, மாத்தச் சொல்றதுக்கு. அச்சுக்கூட வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்.

"பரிசு குடுத்தாங்க. கோலாலம்பூர்ல, மண்டபத்துல. எனக்குப் பன்னண்டு வயசு. நானும் போயிருந்தேன். எங்கப்பா மேடையில நிக்கும்போது மூணாவது வரிசையில அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி உக்காந்திருக்காரு. நிஜமான பெரிய கிராணி. எங்கப்பா மைக்கை விட்டு ஒரு அடி பின்னால போனத நான் கீழ இருந்து பார்த்தேன். கூட்டம் முடிஞ்சதும் அந்த மனுஷன் நேரா வந்து, எல்லாரும் பார்க்க எங்கப்பா கையைப் பிடிச்சு, 'தம்புசாமி என் கீழதான் வேலை பார்த்தாரு'ன்னு சொன்னாரு. அவ்வளவுதான். போயிட்டாரு."

"நல்லது நினைச்சுத்தானே சொல்லியிருப்பாரு?"

"அதான் தெரியல. காப்பாத்துனாரா, இல்ல 'எனக்குத் தெரியும், ஜாக்கிரதை'ன்னு மிரட்டுனாரா? சாகுற வரைக்கும் எங்கப்பா அதையே யோசிச்சாரு. தபால் வந்தா முதல்ல பின்பக்கம் திருப்பி யார் அனுப்புனதுன்னு பார்ப்பாரு. உன் சார் மாதிரி ஆளுங்க, ஏன் ரெண்டாவது நாவல் எழுதலன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எப்படி எழுதுவாரு? என்ன எழுதினாலும் நின்ன இடம் தெரிஞ்சுடும்னு பயம். நீ கண்டுபிடிச்ச மாதிரி."

 அவரைத் திருடன்போல எழுதியது புனிதாவுக்கு நினைவுக்கு வந்தது. இதுவரை அவள் நிராகரித்த சாட்சிகள் எல்லாரும் அங்கே இல்லாமலே இருந்ததாகச் சொன்னவர்கள். தம்புசாமியோ அங்கே இருந்தார். வேறு யாரையும்விடப் பக்கத்தில் இருந்தார். போட்டிருந்த சட்டையை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்.

"எழுதப் போறியா?" என்று கேட்டார் புஷ்பவல்லி.

"மாட்டேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. என் மாமியா வீட்டுல இன்னைக்கும் தெரியாது. என் மகளுக்குத் தெரியாது."

"எழுதுனதைக் குடுக்குறதுக்கு முந்தி உங்களுக்கு அனுப்புறேன் ஆன்டி. வேணாம்னா வேணாம்."

 அந்த அம்மாள் போனை எடுத்துக் கொடுத்து, தன் நம்பரை அதில் போடச் சொல்லிவிட்டு, அவளை வெளியே விட்டுக் கிரிலைப் பூட்டினார். கார் திருப்பத்தைத் தாண்டும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

அன்று மாலை ஜீவன் கேட்டான். "காப்பார் வேலை ரெண்டு மணிக்கே முடிஞ்சதாமே. ரமணி சொன்னாங்க. எங்க போன?" ரமணி அவளோடு வேலை செய்கிறவள். புனிதா போனை எடுக்காததால் ரமணிக்கு அடித்திருக்கிறான்.

"வேற ஒரு கேஸ்."

"எங்க?"

"மேருவுல."

வாயில் வந்த ஊர் அது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பொய். பொய்யை அவள் சொன்ன விதமே சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஜீவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அவள் எழுதிய இரண்டாவது கட்டுரையில் எழுத்தாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனிதர்கள், இடம், அவ்வளவுதான். இந்த நாவலில் வீடுகளைப் பின்னாலிருந்து பார்க்கிறோம். மனிதர்களைக் குதிகாலிலிருந்தும் குரலிலிருந்தும் அறிகிறோம். கதை சொல்கிறவனுக்கு யாரும் எதையும் கையில் தருவதில்லை. இருந்தும் அவன் யார்மேலும் கசப்பில்லாமல் ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருக்கிறான். இப்படியே இரண்டு பக்கம், அந்தக் கசப்பில்லாத நினைவுதான் கடைசி வரி. அதைப் படமெடுத்துப் புஷ்பவல்லிக்கு அனுப்பினாள். படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், 'கடைசி வரி இருக்கட்டும்' என்று மட்டும் வந்தது.

சனிக்கிழமை கட்டுரையை வாங்கிப் படித்த ராதாகிருஷ்ணன் சார், "முடிவு எங்க?" என்றார்.

"முதல் எட்டு அத்தியாயம்தானே சார். முடிவு சொல்ல முடியாது."

அவர் அவளையே பார்த்தார். பார்வையில் பழைய கோபம் இல்லை. வேறு ஏதோ கணக்குப் போடுவது போலிருந்தது. கட்டுரையைத் திருப்பித் தராமல் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவள் வருவதற்கு முன்பே படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தார். கையில் நாவலின் முதல் பதிப்பு, ஓரமெல்லாம் பழுத்துப்போனது.

"படியில் வைத்தாள். முப்பது வருஷமா படிக்கிறேன், என் கண்ணுல படல," என்றார். "எட்டு அத்தியாயத்துல அஞ்சு. முழு நாவல்ல பதினொண்ணு இருக்கு. நேத்து எண்ணுனேன்."

அவள் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அவர் அங்க என்ன வேலை பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது சார்."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ராதாகிருஷ்ணன் சார் புத்தகத்தை மூடினார். "சரி. உங்களை யாரு அனுப்புனான்னு கேட்டது என் தப்பு," என்று சொல்லிவிட்டு ஏறினார். இரண்டு படி ஏறி நின்று, "நாப்பது பக்கம் எழுதுனேனே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ஜீவன் நேராக எதையும் கேட்கவில்லை. ஆனால் அவள் போன் அடித்தால் திரையைப் பார்த்தான். சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று இரண்டு முறை கேட்டான். ஒருநாள் காலை அவள் காரில் ஏறும்போது, அவன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கண்ணாடி துடைப்பதுபோல இறங்கினான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புஷ்பவல்லி போன் செய்தார். ஜீவன் குசினியில் ஏர்கோன் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். புனிதா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல ஆன்டி."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"அவர்கிட்டயும் சொல்லல. கேட்டாரு. மேருவுக்குப் போனேன்னு பொய் சொல்லிட்டேன். அது பொய்யின்னு அவருக்குத் தெரியுது. இப்ப எதைக் கேட்டாலும் சந்தேகமாத்தான் பார்க்குறாரு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"என் வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டே இருந்தாரு," என்றார் புஷ்பவல்லி. "எங்கப்பா பேச்சை எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். தோட்டத்தைப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டேன். எங்கப்பா என்கிட்ட ஏதோ தப்பா நடந்துக்கிட்டாருன்னு அந்த மனுஷன் நினைச்சிருக்காரு. ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுதான் சொன்னாரு, 'உங்கப்பனை நான் மன்னிக்கவே மாட்டேன்'னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. இல்லீங்கன்னு சொன்னேன். ஆனா என்னன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு நாள்ல போயிட்டாரு."

குசினி ஜன்னல் வழியாக ஜீவன் வடிகட்டியை உதறுவது புனிதாவுக்குத் தெரிந்தது.

"போய்ச் சொல்லு. அவர் ஒருத்தர்கிட்ட மட்டும். வேற யாருக்கும் வேணாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

குசினியில் சோற்றுக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஜீவனுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். முதலில் மேரு பொய் என்றாள். அவன் கை நின்றது. பிறகு கிரில் கதவில் தொடங்கி மண்டபம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஈர வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டான். காற்சட்டை நனைந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இதுதானா?" என்றான் கடைசியில். "நான் என்னென்னமோ நினைச்சுட்டேன், புனி."

"என்ன நினைச்ச?"

"விடு."

வழக்கமாக அவள் விட மாட்டாள். அன்று விட்டுவிட்டாள்.

சற்று நேரம் கழித்து அவன், "அந்தப் பெரிய கிராணி நல்லவராத்தான் இருப்பாரு. கையைப் பிடிச்சாருல்ல," என்றான்.

"எல்லார் முன்னாடியும் பிடிச்சாரு. அதான் எனக்கு இடிக்குது."

"மிரட்டுறவன் எதுக்கு 'வேலை பார்த்தாரு'ன்னு மரியாதையா சொல்லணும்? 'என்கிட்ட இருந்தான்'னு சொல்லியிருக்கலாமே?"

அதை அவள் யோசிக்கவில்லை. ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.